டென்ஷன் என்ற மூட்டையை அவிழ்த்த ஞாயிற்றுக்கிழமைகள்

ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது பழைய கிளினிக்குக்குப் போய் வருவேன். வேலை ஒன்றும் இல்லை. டீ குடித்துப் பேசிவிட்டு வருவதற்குத்தான். சென்ற முறை போனபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் உளவியல் படித்த பெண்கள் கைபேசியில் ஒரு செயலியைக் காட்டினார்கள். மனம் கொதிக்கும்போது அதைத் திறந்தால் ஒரு வட்டம் விரிந்து சுருங்கும். அதற்கேற்ப மூச்சை இழுத்து விட வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது. "இதெல்லாம் இல்லாத காலத்துல டிபிடியை எப்படிங்க மேடம் சொல்லிக் குடுத்தீங்க, அதுவும் பனியன் கம்பெனி ஆளுகளுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அரைகுறையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அந்தக் கேள்விக்கு உரிய பதிலை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் அடிப்படையில் நர்ஸ். படித்து முடித்து, பொது வார்டுகளில் சில ஆண்டுகள், மனநல வார்டில் பல ஆண்டுகள் என்று ஓடிவிட்டது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், திருப்பூரில் வேலம்பாளையம் போகிற சாலையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் டாக்டர் வசுமதி கிளினிக் திறந்தபோது, அவரிடம் சேர்ந்தேன். மதுரைக்காரர், திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வெளிநாட்டில் வேலை பார்த்தபோது டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி என்ற சிகிச்சையைக் கற்றிருந்தார். டிபிடி என்பது அதன் சுருக்கம். எனக்கும் இன்னொரு ஆலோசகருக்கும் அவரே பயிற்சி கொடுத்தார்.

பெயர்தான் பெரிது. சிலருக்கு உணர்ச்சி மற்றவர்களைவிடச் சட்டென்று ஏறும், உச்சிக்குப் போகும், இறங்குவதற்கும் நெடுநேரம் பிடிக்கும். அந்த உச்சியில் இருப்பவர் சாமானை உடைப்பார், வேலையை உதறுவார், சிலர் தங்களையே காயப்படுத்திக்கொள்வார்கள். அவர்களிடம் 'இதுக்கெல்லாமா இப்படி' என்று கேட்டால் இன்னும் ஏறும். டிபிடி இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்கிறது. உனக்கு இப்படி வலிப்பதற்குக் காரணம் இருக்கிறது என்று மனமார ஒப்புக்கொள்வது ஒன்று. வலிக்கும்போது செய்கிற காரியத்தை வேறாக மாற்றப் பழக்குவது இன்னொன்று. ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் ஆள் திரும்பி வர மாட்டார்.

டாக்டர் இதை எங்களுக்குப் புரியவைக்க ஒரு காரியம் செய்தார். நாங்கள் பேசும்போது 'ஆனா' என்ற சொல்லைத் தடை செய்தார். "நீங்க கோபப்பட்டது நியாயம்தான், ஆனா..." என்று நான் ஆரம்பித்தால் கையைத் தூக்குவார். "மேகலா, நியாயம்னு குடுத்ததை 'ஆனா'ன்னு சொல்லித் திரும்பப் பிடுங்கிட்டீங்க. அங்கேயே முற்றுப்புள்ளி வைங்க. அடுத்ததைப் புது வாக்கியமாச் சொல்லுங்க" என்பார். 'ஆனா' இல்லாமல் பேசிப் பார்த்தால்தான் அது எவ்வளவு கடினம் என்று தெரியும். வீட்டில் என் கணவரிடம்கூட நான் பாதி வாக்கியத்தில் நின்று யோசிக்க ஆரம்பித்தேன். "என்னாச்சு உனக்கு, பேசிட்டே இருக்கும்போது கரண்டு போன மாதிரி நின்னுக்கறே" என்று அவர் கேலி செய்வார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் கூட்டம் நடக்கும். நோயாளிகளைப் பற்றிப் புகார் சொல்லும் கூட்டம் இல்லை அது. அந்த வாரம் யாரிடம் எனக்கு எரிச்சல் வந்தது, யாரைக் கண்டு பயந்தேன் என்று சிகிச்சை செய்கிற நாங்கள் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'அடம் பிடிக்கறா', 'நடிக்கறா' என்ற சொற்கள் அந்த அறைக்குள் வரக் கூடாது. கற்றுக்கொடுக்கிற எதையும் நாங்கள் முதலில் செய்து பார்த்திருக்கவும் வேண்டும். உணர்ச்சி உச்சியில் இருக்கும்போது முகத்தை ஜில்லென்ற தண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் உடம்பின் படபடப்பு அடங்கும் என்பது ஒரு பயிற்சி. இதயக் கோளாறு உள்ளவர்களுக்குச் சொல்லக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதற்கு உண்டு. டாக்டர் ஒரு நாள் எங்கள் இதயத் துடிப்பைச் சரிபார்த்துவிட்டு, ஐஸ் மிதக்கும் பிளாஸ்டிக் பேசினை மேசையில் வைத்து, தானே முதலில் முகத்தை அமிழ்த்தினார். பொட்டு கரைந்து மூக்கில் வழிய நிமிர்ந்து, "ம், அடுத்து யாரு?" என்றார். அவரிடம் எனக்கு இருந்த பயம் அன்று பாதி போயிற்று.

நோயாளிகளுக்கு இந்தப் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுக்கும் திறன் வகுப்பை ஞாயிறு மதியம் வைத்தோம். கம்பெனிகளுக்கு லீவு அன்றுதான். காலையில் சர்ச்சுக்குப் போகிறவர்களும் கறி எடுக்கப் போகிறவர்களும் மதியத்துக்குமேல்தான் வர முடியும். வகுப்பு என்று சொன்னதால் எல்லோரும் என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் சில வகுப்புகளில் பெரிய சிக்கல் வந்தது. என்ன உணர்ச்சி என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "டென்ஷனுங்க." மனைவி அம்மா வீட்டுக்குப் போனாலும் டென்ஷன், சரக்கு அனுப்ப வேண்டிய ஷிப்மென்ட் தேதி நெருங்கினாலும் டென்ஷன், அண்ணன் பேசாமல் போனாலும் டென்ஷன். ஒரு ஞாயிறு டாக்டர் வகுப்புக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, "டென்ஷன்ங்கறது உணர்ச்சியோட பேரு இல்லைங்க. அது மூட்டை. அவுத்துப் பார்த்தா உள்ளே வேற வேற சாமான் இருக்கும். அவமானம் இருக்கும், பயம் இருக்கும், துக்கம் இருக்கும், பொறாமைகூட இருக்கும். எது இருக்குன்னு தெரிஞ்சாத்தான் என்ன செய்யணும்னு தெரியும்" என்றார். அன்று முழுக்க அதைத்தான் செய்தோம். சிரிப்பும் அழுகையுமாக ஒரு மதியம் போயிற்று.

மங்கலத்தில் விசைத்தறி வைத்திருந்த குமரேசன் அந்த வகுப்பின் கலகலப்பு. கரண்டு போனால் அவருக்கு ஆத்திரம் தாங்காது. தறியைக் காலால் உதைப்பார். நடக்க முடியாமல் நொண்டிக்கொண்டு வந்துதான் எங்களிடம் சேர்ந்தார். அந்தக் காலத்தில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததை நடந்தது என்று முழுதாக ஏற்றுக்கொள்ளும் பாடத்தை நான் நடத்தியபோது அவர் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், கரண்டு போறத ஏத்துக்கிட்டா அது சரின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிறாதுங்களா?"

"சரின்னு சொல்லச் சொல்லலீங்க. போயிருச்சுன்னு சொல்லச் சொல்றேன்" என்றேன்.

அவருக்கு உடனே பிடிபடவில்லை. சில வாரம் கழித்து வந்து அவரே சொன்னார். "கரண்டு போனது ஒண்ணுங்க. என்ற காலு வீங்குனது ரெண்டாவதுங்க. மொதலாவது நம்ம கையில இல்லீங்க. ரெண்டாவது இருக்குதுங்க." அதற்குப் பின் கரண்டு போனால் தறிக் கொட்டகையை விட்டு வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று மூச்சை எண்ணுவதாகச் சொன்னார். பக்கத்துத் தறிக்காரர்கள் அவர் ஏதோ விரதத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டார்களாம்.

என் வேலைக்காலத்தில் எனக்கு மிகக் கடினமாக இருந்தவள் புஷ்பம்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவள். மண்ணரையில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தாள், பனியன் ஓரங்களைத் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். தையல் அவ்வளவு சுத்தம். வேலை மட்டும் எந்தக் கம்பெனியிலும் நிலைக்கவில்லை. யாராவது ஒரு சொல் சொன்னால் அவளுக்குள் தீப்பிடிக்கும். கையில் இருப்பது பறக்கும். வீட்டுக்குப் போனதும் அதே தீ அவள் மேலேயே திரும்பும். கையில் காயம் செய்துகொள்வாள். ஒருமுறை அவள் வீட்டில் பாத்திரங்களை உடைத்துக்கொண்டிருந்தபோது மகள் ஜெனி கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டது. வெளியே வரவே மாட்டேன் என்றது. புருஷன் சேவியர் குழந்தையை ஊருக்குக் கொண்டுபோய்த் தன் அக்கா ரோஸ்லின் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அதன் பிறகுதான் அவளை எங்களிடம் அழைத்து வந்தார்.

டாக்டர் அவளை முதலில் பார்த்த விதம் இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. திருந்த வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இது லேசான சிகிச்சை இல்ல. வாரா வாரம் ரெண்டு தடவை வரணும். தினமும் பயிற்சி செய்யணும். இவ்வளவு கஷ்டம் எதுக்கு? இப்படியே இருந்துட்டாத்தான் என்ன?" என்று கேட்டார்.

புஷ்பம் திகைத்துப் போனாள். "என்ன டாக்டர் இப்படிச் சொல்லுதிய?"

"கேக்கறேன். இப்படி இருக்கறதுல உங்களுக்கும் ஏதோ நிம்மதி கிடைக்குது இல்லையா? உடைச்சதும் கொஞ்சம் அடங்குதுல்ல?"

"அடங்கும். கொஞ்ச நேரந்தான்."

"அதை விட்டுரச் சொல்றேன். எதுக்காக விடணும்?"

டாக்டர் காத்திருந்தார், காத்திருப்பது அவருக்கு மூச்சு விடுவதைப் போல. கடைசியில் புஷ்பம், "எம் புள்ள என்னயப் பாத்துப் பயந்துட்டு, டாக்டர்" என்றாள். "அது மறுபடி எங்கிட்ட வரணும்."

"சரி. அதுக்காகச் செய்யலாம்" என்று டாக்டர் அவளை என்னிடம் ஒப்படைத்தார்.

ஆரம்ப மாதங்கள் சிரமமாக இருந்தன. எங்கள் முறையில் நோயாளி அவசரத்தில் போன் செய்யலாம். அதற்கு ஒரு விதி உண்டு. காயம் செய்துகொள்ளத் தோன்றும்போது, செய்வதற்கு முன்னால் அழைத்தால் கூடவே இருந்து வழி சொல்வோம். செய்த பிறகு அழைத்தால் உயிருக்கும் காயத்துக்கும் வேண்டியதை மட்டும் பார்ப்போம். மற்ற பேச்செல்லாம் அடுத்த சந்திப்பில். புஷ்பம் எப்போதும் பிறகே அழைத்தாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், எனக்கு அவளை நினைத்தாலே களைப்பாக இருக்கிறது என்று சொன்னேன். டாக்டர் தலையாட்டினார். "இருக்கும். அவங்களுக்கும் அவங்களை நினைச்சா அப்படித்தான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் நான் அவளைப் பார்த்தபோது கொஞ்சம் வேறு மாதிரி பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் புதுக் கம்பெனியில் நூல் சுற்றிய கோனை எடுத்துச் சூப்பர்வைசர் மேல் வீசினாள். அவர் மேல் படவில்லை. டியூப் லைட் உடைந்தது. அந்த வாரம் நாங்கள் உட்கார்ந்து சங்கிலி பிடித்தோம். ஒரு சம்பவத்தை அதன் கண்ணிகளாகப் பிரித்துப் பார்ப்பதற்கு நாங்கள் வைத்த பெயர் அது. டாக்டரும் அருகில் இருந்தார்.

கோன் பறப்பதற்குச் சற்று முன்பு என்ன, அதற்கு முன்பு என்ன என்று கேட்டுக்கொண்டே போனோம். காலையில் அவள் சாப்பிடவில்லை. முந்தின ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. சூப்பர்வைசர் சில பீஸ்களைச் செக்கிங் டேபிளில் பரப்பி, "இதைத் தைச்சது யாரு?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். இத்தனை நாளும் அந்தக் குரல்தான் தனக்குத் தீ மூட்டியது என்று புஷ்பம் நினைத்திருந்தாள். நாங்கள் இன்னும் கேட்டோம். குரலுக்கும் கோனுக்கும் நடுவே ஒரு கண்ணி இருந்தது. பக்கத்து மெஷினில் இருந்த கலா, தினமும் இவளோடு சோறு பங்கிட்டுச் சாப்பிடுகிறவள், அந்த நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவங்க குனிஞ்சப்போ உங்களுக்குள்ள என்ன ஓடுச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

"இவளும் என்னய விட்டுப் போயிட்டான்னு."

டாக்டர், "வலிச்சிருக்கும்" என்றார். "கலா எதுக்காகக் குனிஞ்சாங்கன்னு தெரியுமா?"

தெரியாது. கேட்டுப் பார்ப்பது அந்த வாரத்து வீட்டுப்பாடமாயிற்று. அடுத்த முறை புஷ்பம் வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "டீச்சர், அந்தப் பீஸுல பாதி அவ தச்சதாம். எங்க தன்னையும் கேட்டுருவாவளோன்னு பயந்து குனிஞ்சிருக்கா. நான் போட்ட சத்தத்துல அவ தப்பிச்சிட்டா." அந்தக் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் மன்னிப்புக் கேட்டு, உடைந்த லைட்டுக்குப் பொறுப்பேற்று, வேலையைத் தக்கவைத்துக்கொண்டாள். அதன் பிறகு போன் முன்கூட்டியே வர ஆரம்பித்தது. காயங்கள் அரிதாகி, பின் நின்றன.

அந்த மே மாதம், பள்ளி விடுமுறைக்கு ரோஸ்லின் ஜெனியைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வருவதாகச் சேதி வந்தது. புஷ்பம் நன்றாக நடந்துகொண்டால் பள்ளி திறக்கும்போது குழந்தையை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று சேவியர் சொல்லியிருந்தார். அவளுக்குக் கை கால் ஓடவில்லை. வரப்போகும் சிரமத்தை முன்கூட்டியே நடித்துப் பார்ப்பதும் எங்கள் பயிற்சிகளில் ஒன்று. டாக்டர், புஷ்பம் மைனி என்று கூப்பிடும் நாத்தனார் ரோஸ்லினாக நடித்தார். தூத்துக்குடிப் பேச்சை எங்கே பிடித்தாரோ, "இவளுக்கு இடியாப்பம்னாத்தான் இறங்கும், ஒனக்கு அதெல்லாம் எங்க தெரியப் போவுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னதில் புஷ்பத்துக்குக் கண் சிவந்துவிட்டது. திரும்பத் திரும்ப நடித்தோம். அவள் மூச்சை நிதானித்து, "நீங்க சொல்லித் தாங்க மைனி, நான் செய்யுதேன்" என்று பதில் சொல்லும் வரைக்கும் டாக்டர் விடவில்லை.

அவர்கள் வந்த ஞாயிறு புஷ்பம் வகுப்புக்கு வரவில்லை. நாங்கள் எதிர்பார்த்ததுதான். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது என் போன் அடித்தது. புஷ்பம் என்று தெரிந்ததும் குமரேசனிடம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாடிப்படிக்கு வந்தேன்.

"டீச்சர், என்னால வீட்டுக்குள்ள போவ முடியல" என்றாள்.

"என்னாச்சு கண்ணு? அவங்க ஏதாச்சும் சொன்னாங்களா?"

"மைனி ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் பேசுதாவ. ஜெனிக்குத் தண்ணி தாகம். 'அம்மா தண்ணி'ன்னா. நான் எந்திரிச்சு ஓடுனேன். அவ மைனியப் பாத்துச் சொல்லியிருக்கா, டீச்சர். மைனியத்தான் அம்மான்னு கூப்புடுதா."

நாங்கள் எத்தனையோ நடித்துப் பார்த்தோம், இதை நினைக்கவில்லை.

"அது ரொம்ப வலிக்கும் புஷ்பம். யாருக்கா இருந்தாலும் வலிக்கும்" என்றேன். அங்கே நிறுத்திக்கொண்டேன். பிறகு, "இப்ப எங்க நிக்கறே?" என்று கேட்டேன்.

"குழாயடில."

"மூஞ்சியத் தண்ணில வை."

"இன்னைக்குத் தண்ணி வராத நாளு, டீச்சர்."

திருப்பூரில் இருந்துகொண்டு இதை நான் யோசித்திருக்க வேண்டும். "பக்கத்துல கடை இருக்குதா?"

"இருக்கு. பிரிட்ஜு வச்சிருக்காவ."

"போனை வைக்காத. ஜில்லுனு தண்ணி பாக்கெட் ரெண்டு வாங்கு. கண்ணுக்குக் கீழ, கன்னத்து மேல வெச்சு அழுத்திக் குனிஞ்சு நில்லு."

அவள் கடைக்காரரிடம் கேட்பது, அவர் எதற்கென்று கேட்பது, ஒரு பைக் போவது எல்லாம் எனக்குக் கேட்டன. அதன் பிறகு அவள் மூச்சு மட்டும். மெல்ல மெல்ல அது நீளமாயிற்று.

"இப்ப சொல்லு. உள்ள என்ன இருக்குது?"

"கோவம்" என்றாள். சற்றுப் பொறுத்து, "இல்ல. கோவம் மேல இருக்கு. அடியில துக்கந்தான் கெடக்கு" என்றாள்.

"கோவம் என்ன செய்யச் சொல்லுது?"

"மைனிய வெளிய போவச் சொல்லச் சொல்லுது."

"துக்கம்?"

"புள்ள பக்கத்துல போயி இருக்கச் சொல்லுது."

"உனக்கு எது வேணும்னு வந்தே நீ?"

"புள்ளதான், டீச்சர்." போன் நின்றுவிட்டது.

நான் வகுப்புக்குத் திரும்பினேன். என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த நாள் மாலை வரை அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

திங்கள் மாலை சேவியர் தனியாகக் கிளினிக்குக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உட்காரச் சொன்னோம்.

"அவ வெளிய போனதும், திரும்பி வந்தா என்ன உடையப் போவுதோன்னு நான் புள்ளையத் தூக்கி வச்சிட்டு நின்னேன், மேடம்" என்றார். "வந்தா. ரெண்டு கன்னத்துலயும் தண்ணி பாக்கெட்ட வச்சிக்கிட்டு வந்தா. புள்ள அவளையே பாத்துச்சு. ஏன் இப்படி வச்சிருக்கன்னு கேட்டுச்சு. 'எனக்கு உள்ள சூடாயிட்டு, அதான் ஆத்துதேன்'னா. புள்ள எங்கையில இருந்து இறங்கி, எனக்கும் வையின்னு கன்னத்தக் காட்டுச்சு. வச்சா. ரெண்டு பேரும் அப்படியே தரையில உக்காந்துட்டாவ."

"ரோஸ்லின் என்ன செஞ்சாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"அக்காவுக்குத்தான் அழுக. புஷ்பம் அவகிட்ட, 'மைனி, நான் இல்லாத நேரத்துல எம் புள்ளைக்கு ஒரு கொறையும் வைக்கல நீங்க'ன்னு சொன்னா. அக்கா அதை எதிர்பாக்கல. சண்டைக்கித் தயாரா வந்தவ அவ. அவளும் இத்தன நாளும் புள்ளைய நெனச்சுப் பயந்துகிட்டுத்தான இருந்திருக்கா." சேவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம் பொண்டாட்டி இப்படி ஒரு வார்த்த பேசுவான்னு நான் நெனைக்கல."

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் அழுதாரா என்று நான் பார்க்கவில்லை.

ஜெனி அந்த ஜூனிலேயே திருப்பூருக்கு வந்துவிடவில்லை. ரோஸ்லின் இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார், புஷ்பமும் சம்மதித்தாள். அந்த வருஷத்தில் இரண்டு தடவை அவளுக்குக் கோபம் மிஞ்சியது. அதில் ஒரு தட்டும் உடைந்தது. அதைத் தானாகவே வந்து சொல்லி, தானாகவே சங்கிலி பிடித்துக் காட்டினாள். கலாவும் அவளும் அதே கம்பெனியில் தொடர்ந்தார்கள். அடுத்த மே மாதம் குழந்தை பெட்டியோடு வந்தது.

பள்ளியில் சேர்த்த அன்று, யூனிபார்மோடு ஜெனியை எங்களிடம் அழைத்து வந்தாள் புஷ்பம். டாக்டர் குழந்தையிடம், "யாரு கண்ணு உன்னை இங்க கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டார்.

"புஷ்பம்மா" என்றது ஜெனி. "ரோஸம்மா ஊருல இருக்காவ. லீவுக்கு வருவாவ."

நான் புஷ்பத்தின் முகத்தைப் பார்த்தேன். அவள் குழந்தையின் ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "ரெண்டு அம்மாவும் இருந்துட்டுப் போவட்டும், டீச்சர்" என்றாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். பள்ளிக்கு மணியடிக்க நேரமாகியிருந்தது.